அங்கீகரிக்கப்பட்ட சாரி

எங்கள் ரயில் நிலையத்தில் மன்னிப்புக் கேட்பதற்கென்று சம்பளம் வாங்கியவள் ஒருத்திதான். மற்ற எல்லோரும் தப்புப் பண்ணுவதற்குச் சம்பளம் வாங்கினோம். அவள் முகத்தை யாரும் கவனித்ததில்லை, குரல் எல்லோருக்கும் தெரியும். அதனால் குரலக்கா என்று பேர். என் விசாரணைக் கவுண்டரை ஒட்டி ஒரு கண்ணாடி அறை. உள்ளே ஒரு மைக், ஒரு மேஜை விசிறி, மாடியோடு பேச ஒரு போன். மாடியிலிருந்து போனில் சொல்வதை இவள் மைக்கில் சொல்வாள். வண்டி லேட் என்றால், "ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஒரு வரியைச் சேர்த்துக்கொள்வாள். அந்த வரியை அவள் சொல்லுகிற தினுசில், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு என்னை அடிக்க வந்தவன்கூட மடித்ததை இறக்கிவிட்டுக்கொண்டு திரும்பிப் போயிருக்கிறான். என் வாயில் இன்றைக்கு இத்தனை பல் இருக்கிறதென்றால் அது குரலக்கா போட்ட பிச்சை.

அப்படிப்பட்டவளுக்கு வந்தது வினை.

ஒரு மத்தியானம் மேற்பார்வையாளர் மாடியிலிருந்து போன் பண்ணினார். எந்த வண்டி எந்தப் பிளாட்பாரத்தில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிற மகானுபாவர் அவர். எதையோ மென்றுகொண்டே, "மெயில் வண்டி மூணு" என்றார். அந்தப் போன் ஊருக்கே கேட்கும்படி கத்தும். என் கவுண்டர்வரை தெளிவாகக் கேட்டது.

"மூணுதானே சார்?" என்று அக்கா திருப்பிக் கேட்டாள்.

"ஒரு தடவை சொன்னா புரியாதா?" என்று டொக்கென்று வைத்துவிட்டார்.

அவள் மூன்று என்று அறிவித்தாள். வண்டி ஏழில் வந்து நின்றது.

மூன்றிலிருந்து ஏழுக்குப் போக ஒரே ஒரு மேம்பாலம். மொத்தக் கூட்டமும் அதில் ஏறியது. ஏற முடிந்தவர்கள் போனார்கள், முடியாதவர்கள் பாலத்தின் மேலிருந்து வண்டியின் முதுகைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் கையில் ஒரே ஒரு பையோடு நின்ற நடுவயது மனிதர். அவருடைய தங்கை வேறொரு ஊரில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அடுத்த வண்டி பிடித்து அவர் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடிவிட்டார்கள்.

மறுநாளே நுழைவாயிலில் ஆள் உயரத்துக்கு ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். மெயில் வண்டிக் குழப்பத்துக்கு அறிவிப்பாளரின் கவனக்குறைவே காரணம் என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே அவள் போட்டோவையும் அச்சடித்திருந்தார்கள். இத்தனை வருஷமாக முகம் தெரியாமல் இருந்தவளுக்கு நிர்வாகம் செய்த ஒரே விளம்பரம் அதுதான். அக்காவின் மகள் பள்ளிக்கூடம் போகும் வழியே நுழைவாயில்தான். அவள் அதன் பிறகு பின்பக்கக் கேட் வழியாகச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தாள்.

நான் சும்மா இருக்கவில்லை. மாடிக்குப் போய் நிலைய இயக்குநரிடமே, "சார், மூணுன்னு போன்ல சொன்னதை நானே கேட்டேன்" என்றேன். மேற்பார்வையாளர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

இயக்குநர் சிரித்தார். "தம்பி, நீங்க கேட்டது ஹியரிங். காதுன்னு ஒண்ணு இருந்தா அதுல விழத்தான் செய்யும். சாட்சிக்கு வேண்டியது லிசனிங். விசாரணைக் கவுண்டர்ல இருக்கறவருக்கு லிசன் பண்ற அதிகாரம் கிடையாது. நீங்க பாட்டுக்கு லிசன் பண்ணிட்டிருந்தா வேலையை யார் பாக்கறது?"

நான் இறங்கி வந்தேன். படியெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிப்பது போலிருந்தது.

தங்கையை இழந்த அந்த மனிதர் வாரம் ஒருமுறை வர ஆரம்பித்தார். கண்ணாடிக்கு வெளியே நிற்பார். திட்டமாட்டார். திட்டித் தொலைத்தால்கூடத் தேவலை. ஒருநாள் கண்ணாடியில் இருக்கும் சின்ன ஓட்டைக்கு நேராகக் குனிந்து சொன்னார்:

"கடைசி வரைக்கும் அண்ணன் வந்தாச்சா, அண்ணன் வந்தாச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தாளாம். எனக்கு உங்ககிட்ட சண்டை இல்லம்மா. ஒரே ஒரு சாரி சொல்லிடுங்க. நான் போயிடறேன்."

அக்காவின் உதடு பிரிந்தது. ஆனால் அந்தச் சொல்லை ஊழியர்கள் பயணியின் முகத்துக்கு நேரே சொன்னால் வேலை போய்விடும் என்பது எங்கள் சட்டம். அதோடு, சொல்லிவிட்டால் நோட்டீஸில் இருக்கிற பழியையும் ஒப்புக்கொண்ட மாதிரி. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, சட்டம் அனுமதித்த ஒன்றைச் சொன்னாள்: "ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்."

"இதைத்தானேம்மா அன்னைக்கும் சொன்னீங்க" என்றார் அவர். அப்புறம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்குத்தான் அக்கா முடிவு செய்தாள். நிர்வாகம் தன்னிடம் சாரி சொல்ல வேண்டும், நோட்டீஸைக் கிழிக்க வேண்டும். அதன் பிறகு அந்த மனிதரின் முகத்தைத் தன்னால் பார்க்க முடியும். துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு மாடி ஏறினாள். அவர்கள் எங்களைச் சொல் ஒழுங்குப் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

இந்தப் பிரிவு பிறந்த கதையைச் சொல்ல வேண்டும். முன்னொரு காலத்தில் ஒரு டிக்கெட் பரிசோதகர் பயணி ஒருவரின் காலை மிதித்துவிட்டு, நல்ல வளர்ப்பின் காரணமாக, "சாரி" என்று சொல்லிவிட்டார். பயணி கோர்ட்டுக்குப் போனார். "சொன்னீரா, இல்லையா?" என்று கேட்டார் நீதிபதி. சொன்னது சொன்னதுதான், நிர்வாகம் தோற்றது. காலை மிதிக்காமல் நடப்பது எப்படி என்று யாரும் யோசிக்கவில்லை. சாரியைத் தடுக்க ஒரு பிரிவு, ஏழு நாற்காலி, ஒரு ஏசி, தலைமைக்குச் சொல்லதிகாரி என்று ஒருவர், இப்படி ஏற்பாடாகிவிட்டது.

சொல்லதிகாரி அக்காவை உட்காரச் சொல்லவில்லை. "என்ன வேணும்?" என்றார்.

"ஒரு சாரி சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கடைக்காரன்கிட்ட சோப்பு கேக்கற மாதிரி கேக்கறீங்களேம்மா. சாரிங்கறது மனசுலேருந்து வர்றது. நிர்வாகத்துக்கு மனசு கிடையாது. இல்லாத எடத்துலேருந்து எப்படிம்மா வரும்?"

"அப்ப தினமும் மைக்ல நான் சொல்றது?"

"அது ரிக்ரெட். மழை பெய்யுதேன்னு வருத்தப்படறோம் இல்லியா? மழையை நாமளா பெய்ய வெச்சோம்? அந்த மாதிரி. வண்டி லேட்டாச்சு, பாத்தோம், வருத்தமா இருந்துச்சு. அவ்ளோதான்."

"அப்ப அபாலஜின்னு ஒண்ணு சொல்றாங்களே சார்" என்று நான் வாயை விட்டேன்.

அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அதைச் சத்தமா சொல்லாதீங்க. அபாலஜின்னா நான்தான் செஞ்சேன்னு அர்த்தம். போர்டு கூடணும். நிறுவனம் ஆரம்பிச்ச நாள்லேருந்து ஒண்ணுகூட வெளியே போனதில்ல. கட்டுக்கோப்பா காப்பாத்திட்டு வர்றோம்." கொஞ்சம் யோசித்தார். எங்கள் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். "பார்டன் வேணும்னா தரலாம். ஆனா அது மேலேருந்து கீழே வர்றது. நீங்க கேட்டா நாங்க குடுப்போம். கேக்கறீங்களா?"

"நான் ஏன் சார் கேக்கணும்? தப்பு மேற்பார்வையாளர் பண்ணது."

"அப்ப கண்டோலன்ஸ். அதுக்கு யாராவது செத்திருக்கணும். செத்தாங்களா?"

"அன்னைக்கு வண்டியை விட்டவரோட தங்கச்சி சார்." அக்காவின் குரல் இறங்கியது.

"நம்ம எல்லைக்குள்ளயா?"

"இல்ல. வேற ஊர் ஆஸ்பத்திரியில."

"அப்ப அந்த ஊர்க்காரங்கதான் தரணும்" என்று அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அந்த நிமிஷம் அவருடைய மேஜையை அவர் தலையிலேயே கவிழ்த்திருக்கலாம். கவிழ்க்கவில்லை. இன்றைக்கும் எனக்கு அந்த வருத்தம் உண்டு, அது ரிக்ரெட் அல்ல.

நாங்கள் போய்க் கேட்டதன் பலன் உடனே தெரிந்தது. ஊழியர்களிடையே சொல் குழப்பம் நிலவுகிறது என்று எல்லோருக்கும் இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். சொல்லதிகாரி ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்ளச் சொல்லி, இடிபட்டதும் வாயில் வருவதைக் கவனித்தார். சுமை தூக்கும் அண்ணன் ஒருவர் "அச்சச்சோ" என்றார். அச்சச்சோ அனுமதி பெறாத அனுதாபம் என்று அவருக்கு மெமோ. நான் "ஐயோ" என்றேன். ஐயோவில் ஒப்புக்கொள்ளும் தொனி இருக்கிறதாம், எனக்கும் மெமோ. துப்புரவு செய்யும் பெரியம்மா மட்டும் இடித்தவனைத் திரும்ப இடித்துவிட்டு, "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்றாள். நிறுவனத்தின் நலனைக் காத்த பதில் என்று அவளுக்குப் பாராட்டு.

அடுத்த வாரமே படிக்கட்டில் ஒரு குழந்தை விழுந்தது. பயிற்சி பெற்ற ஊழியர்கள் நான்கு பேர் சுற்றி நின்றோம். எந்தச் சொல்லைச் சொல்வது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் ஒரு பயணிதான் தூக்கினார்.

அக்காவின் கோரிக்கையை ஆராயக் கமிட்டி போட்டார்கள். கமிட்டியில் மேற்பார்வையாளரும் ஓர் உறுப்பினர். கூடிக் கூடிப் பேசி முடிவு சொன்னார்கள்: அறிவிப்பாளரின் உணர்வு கவனத்தில் கொள்ளப்பட்டது. நோட்டீஸ் வெயிலில் நிறம் மங்கி வருவதும் கவனத்தில் கொள்ளப்பட்டது. இரண்டாவதுக்கு உடனே நடவடிக்கை எடுத்தார்கள். புதிதாக அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, கண்ணாடிச் சட்டத்தில் வைத்துச் சுவரில் திருகாணி போட்டு முடுக்கினார்கள். போட்டோவும் கலருக்கு மாறியது.

அக்கா அன்றைக்கு அழுதாள். மைக்கை அணைத்துவிட்டு, விசிறியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

"விடுக்கா, நாசமாப் போவானுங்க" என்றேன்.

"தானா போகமாட்டானுங்க தம்பி," என்று மூக்கை உறிஞ்சினாள். "யாராவது கொண்டுபோய் விடணும்."

அதற்கும் ஒரு நாள் வந்தது. நிலையத்துக்கு அறிவிப்பு இயந்திரம் வாங்கினார்கள். ஊர்ப் பெயர், எண், நேரம், மன்னிப்பு எல்லாவற்றையும் அக்கா துண்டு துண்டாகப் பேசிப் பதிவு செய்துவிட வேண்டும், பிறகு இயந்திரமே வேண்டியதை எடுத்து ஒட்டிச் சொல்லிக்கொள்ளும். பேசி முடித்ததும் அக்காவுக்கு வேலை இல்லை. தன் குழியைத் தானே வெட்டிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். திறந்துவைக்க போர்டு சேர்மனே வருகிறார், அதுவும் மன்னிப்பு கொஞ்சம் உருக்கமாக இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார் என்பதால், பதிவு நடக்கும் அறையில் இயக்குநர், மேற்பார்வையாளர், சொல்லதிகாரி மூவரும் ஆஜர். ஒலிப்பதிவுக்காரர் வெளி ஆள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, சொன்னதைச் செய்துவிட்டு வீட்டுக்குப் போகிற ஜாதி. டீ கொண்டுபோகிற சாக்கில் நானும் உள்ளே நின்றேன்.

அக்கா ஊர்களையும் எண்களையும் மளமளவென்று சொல்லி முடித்தாள். மன்னிப்பு வந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"என்னம்மா?" என்றார் இயக்குநர்.

"வரமாட்டேங்குது சார். இவ்ளோ நாள் ஒண்ணும் தெரியாம சொல்லிட்டிருந்தேன். சார் வித்தியாசமெல்லாம் சொல்லிக் குடுத்தப்புறம் நாக்கு எழும்பமாட்டேங்குது. எப்படிச் சொல்லணும்னு நீங்க யாராவது ஒரு தடவை சொல்லிக் காட்டுனா..."

சொல்லதிகாரி முன்னே வந்து, "வருந்துகிறோம்" என்றார்.

"என்னய்யா, பல்லு வலிக்கறவன் மாதிரி சொல்றே? சேர்மனுக்குக் கண்ணு கலங்கணும்யா!" என்று இயக்குநர் சலித்துக்கொண்டார்.

"நகருங்க, நகருங்க. நான் காலேஜ்ல நாடகத்துல கப்பு வாங்கினவன்" என்றார் மேற்பார்வையாளர்.

அக்கா எழுந்து அவருக்கு நாற்காலியை விட்டுக்கொடுத்தாள். பவ்யமென்றால் அப்படியொரு பவ்யம். "நாடகத்துல எல்லாம் நிஜமா நடந்த ஒண்ணை மனசுல நெனச்சுக்கிட்டுத்தானே சார் பேசுவாங்க? அப்பத்தானே உணர்ச்சி வரும்?"

"கரெக்ட்டா சொன்னே."

"அப்ப அந்த மெயில் வண்டியையே நெனச்சுச் சொல்லுங்களேன். நாமதானே இருக்கோம்."

மேற்பார்வையாளர் முகம் சுருங்கியது. சொல்லதிகாரியைப் பார்த்தார். சொல்லதிகாரிக்குத் தன் படிப்பைக் காட்ட ஒரு வாய்ப்புக் கிடைத்தால் போதும்.

"தாராளமா சொல்லலாம் சார். பயிற்சிக்காகச் சொல்ற சாரி, சாரியே கிடையாது. அது சாம்பிள். சாம்பிளுக்குச் சட்டத்துல எந்தப் பொறுப்பும் இல்ல."

அவ்வளவுதான், மேற்பார்வையாளருக்குக் கப்பு வாங்கிய காலம் திரும்பிவிட்டது. கண்ணை மூடினார். மைக்கைக் கட்டிப்பிடித்தார்.

"பயணிகளே... நான் மேற்பார்வையாளர் பேசறேன். அன்னைக்கு மெயில் வண்டி மூணுல வரும்னு தப்பாச் சொன்னது நான்தான். அறிவிப்பாளர் மேல ஒரு தப்பும் இல்ல. என்னால யாரோ ஒருத்தர் வண்டியை விட்டுட்டார். சாரி. ரொம்ப ரொம்ப சாரி."

குரல் உடைந்தது. கன்னத்தில் ஒரு சொட்டு இறங்கியது. இயக்குநர் கைதட்டினார், ஆனால் முகத்தில் பொறாமை. "நகருய்யா" என்று மைக்கைப் பிடுங்கினார். "நிலைய இயக்குநர் பேசறேன். அது தெரிஞ்சும் அந்தப் பொண்ணு மேல நோட்டீஸ் ஒட்டச் சொன்னது நான்தான். என் மூஞ்சியில நானே கரியைப் பூசிக்கிட்டேன். சாரி!"

"பிரமாதம்! ரெண்டையும் அப்ரூவ் பண்றேன். மாதிரின்னா இதுதான் மாதிரி" என்றார் சொல்லதிகாரி.

அக்கா மறுபடி உட்கார்ந்து, தன் வழக்கமான வரியைச் சொன்னாள். கல்லும் கரையும். சொல்லதிகாரி தலையை ஆட்டினார். "இதுல சாரி ஜாஸ்தி. அப்ரூவல் இல்ல."

ஒலிப்பதிவுக்காரர் காதுக் கருவியை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, "அப்ப மன்னிப்புக்கு எதை சார் போடறது?" என்று கேட்டார்.

மூவருக்கும் பசி. "அப்ரூவ் ஆனதைப் போடுய்யா. இதைக்கூடவா கேப்பாங்க?" என்று சொல்லிக்கொண்டே இயக்குநர் சாப்பாட்டுக்குக் கிளம்பினார்.

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டாள். வாசலில் என்னிடம், "திறப்பு விழாவுக்கு அந்தப் பைக்காரரையும் வரச்சொல்லு தம்பி" என்றாள். பல மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்ததைப் பார்த்தேன்.

இயந்திரத்தை அவர்கள் சோதித்துப் பார்க்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். பார்த்தார்கள். வண்டிகள் சரியான நேரத்துக்கு வருவதாக வைத்துக்கொண்டு பார்த்தார்கள். தாமதத்தைச் சோதித்தால் தாமதம் நடக்கும் என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று சொல்லதிகாரி தடுத்துவிட்டார்.

திறப்பு விழா நுழைவாயிலிலேயே நடந்தது. சேர்மன் பொத்தானை அமுக்கினார். மெயில் வண்டி, கேட்பானேன், லேட். முதலில் அக்காவின் குரல் வந்தது: "மெயில் வண்டி... இருபது... நிமிடம்... தாமதமாக வரும்." ஒரு சின்ன மௌனம். அப்புறம் எல்லாப் பிளாட்பாரத்திலும், மேம்பாலத்திலும், ஓய்வறையிலும், கழிவறையிலும் மேற்பார்வையாளர் விம்மினார்: "பயணிகளே... நான் மேற்பார்வையாளர் பேசறேன். அன்னைக்கு மெயில் வண்டி மூணுல வரும்னு தப்பாச் சொன்னது நான்தான்..."

கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. அவர் முடித்ததும் இயக்குநர் ஆரம்பித்தார். மேடையில் இருந்த நிஜ இயக்குநரின் முகத்தில் ஈயாடவில்லை. சொல்லதிகாரி, "சாம்பிள்... அது சாம்பிள்..." என்று முனகினார்.

சேர்மன் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். "நான் கேட்ட உருக்கம் இதுதான்யா! அதிகாரிகளே பதவியைச் சொல்லிக்கிட்டு முன்னால வர்றாங்க பாருங்க! நம்ம எல்லா ஸ்டேஷன்லயும் இதையே போடுங்க. ஒரு எழுத்தைக்கூட மாத்தக்கூடாது." பிறகு திரும்பியவர் கண்ணில் சுவரில் இருந்த கண்ணாடிச் சட்டம் பட்டது. நிதானமாகப் படித்தார். "அப்ப இது ஏன் இன்னும் தொங்குது?"

திருப்புளி யார் கையிலும் இல்லை. இயக்குநரும் மேற்பார்வையாளரும் கோட்டுப் போட்ட கையோடு, நகத்தால் திருகாணியைத் திருகினார்கள். நல்ல ஆழமாக முடுக்கியிருந்தார்கள் அல்லவா, நகம் பெயர்ந்துவிட்டது. எனக்குத் திருப்புளி எங்கே இருக்கிறதென்று தெரியும். யாரும் விசாரிக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆனால் விழாவுக்கு வந்திருந்த பைக்காரர் என் கவுண்டருக்கு வந்து விசாரித்தார். "முதல்ல அழுத அந்த மேற்பார்வையாளர் யாரு தம்பி? எங்கே இருப்பார்?"

கேட்டவருக்குச் சொல்லத்தானே எனக்குச் சம்பளம்? "மாடியில, வலது பக்கம், ரெண்டாவது ரூம். இப்ப பின்பக்கமா ஏறிட்டிருக்கார். சீக்கிரம் போனா படியிலயே பிடிச்சிடலாம்" என்றேன்.

அவர் போகத் திரும்பியபோது அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு எதிரே வந்து நின்றாள். இடையில் கண்ணாடி இல்லை.

"இப்ப எனக்கு இங்க வேலை இல்லண்ணே. அதனால சொல்லலாம்" என்றாள். "உங்க தங்கச்சிகிட்ட உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியலை. சாரிண்ணே."

அவர் பையைக் கீழே வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அக்கா தோளைத் தொட்டுக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையை அவளிடமே கொடுத்துவிட்டு, மாடிப்படியில் ஏறினார். மேலே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. சத்தம் மட்டும் காதில் விழுந்தது. லிசன் பண்ண எனக்கு அதிகாரம் இல்லை.

அதன் பிறகு நாளெல்லாம் இதே கச்சேரிதான். வண்டி லேட்டானால் மேற்பார்வையாளர் அழுவார், எங்கள் வண்டி எப்போதும் லேட். வேறு ஊர் ஸ்டேஷன்களிலும் அழுதார். அவர் சம்சாரம் அம்மா வீட்டுக்குப் போனவள் அங்கேயும் கேட்டுவிட்டு வந்தாளாம். பதிவை நீக்கச் சொல்லி எழுதினார். நீக்க வேண்டுமென்றால் அதைப் பிழை என்று ஒப்புக்கொள்ள வேண்டும், ஒப்புக்கொண்டால் அது அபாலஜி ஆகிவிடும் என்று சொல் ஒழுங்குப் பிரிவு பதில் எழுதியது.

போன மாதம் மூன்றாம் பிளாட்பாரத்தில் அக்காவைப் பார்த்தேன். மகளோடு ஊருக்குக் கிளம்பியிருந்தாள். வண்டி லேட், பெஞ்சில் சாய்ந்துகொண்டு கடலை கொறித்துக்கொண்டிருந்தாள். மேற்பார்வையாளர் எங்கிருந்தோ ஓடிவந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னார்:

"என்னை விட்டுடும்மா. உன் குரல்ல ஒரு தடவை பேசிக் குடு, சேர்மன் கால்ல விழுந்தாவது மாத்திடறேன். நான் பண்ணது தப்புதான். நிஜமாவே சாரிம்மா."

அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டாள். நல்ல குரலைத் தரம் பார்க்கிறவள் அல்லவா?

"நல்லாத்தான் சார் இருக்கு," என்றாள். "சாம்பிள்தானே இது?"

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் தலைக்கு மேலே அவரே அழ ஆரம்பித்துவிட்டார். அக்கா மகளுக்கும் கொஞ்சம் கடலையைக் கொடுத்து, முழுசாகக் கேட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.